கதவு நசுக்கிய வளையல்

எங்கள் தெருவில் என் மனைவிக்குத் 'தகரம்' என்றுதான் பெயர். நகை செய்கிறவள், ஆனால் தங்கத்தைத் தொடமாட்டாள். செம்பு, பித்தளை, பழைய வெள்ளி. அதிலும் புதுத் தகடு ஆகாது. அடிபட்டது, தேய்ந்தது வேண்டும். துருப்பிடித்த பூட்டின் உள்தகட்டைத் தோடாக்குவாள். ஆயிரம் கை பட்டுத் தேய்ந்த மாடிப்படிக் கம்பியை மெழுகில் அச்செடுத்துப் பதக்கமாக வார்ப்பாள்.

"கீறலை அழிச்சிட்டா அப்புறம் அதுல என்னங்க இருக்கு?" என்பாள். எனக்கு அப்போது புரியவில்லை.

என் மாமியார் நாற்பது வருடம் ஆலைச் சமையற்கூடத்தில் அண்டா தேய்த்தவர். கையில் ஒற்றை வெள்ளி வளையல். அண்டா விளிம்பு போட்ட சின்னப் பள்ளங்களுக்கு நடுவே ஒரு பெரிய நசுங்கல். மாமனார், அந்தப் புண்ணியவான், ஒருநாள் மாமியார் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியபோது விழுந்தது. வளையல் இல்லாவிட்டால் எலும்பு போயிருக்கும். வீட்டில் யாரும் அதைப் பேசமாட்டார்கள். என் மனைவி மட்டும் அந்த நசுங்கலை வார்த்துத் தன் நகைக் கண்காட்சியின் நடுவில் வைக்க வேண்டுமென்று எட்டு வருடமாகக் கேட்டாள். அம்மா கழற்றித் தரவே இல்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் அம்மாவின் கை வீங்கியபோது வளையலை வெட்டியெடுத்தது இவள் தம்பி. பாலிஷ் பட்டறை வைத்திருப்பவன். அம்மா போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான்.

இவள் பிரித்தாள். பளபளவென்றிருந்தது. வெட்டி ஒட்டிய இடம்கூடத் தெரியவில்லை. தொழிலில் கெட்டிக்காரன், மறுக்க முடியாது.

"ரெண்டு நாள் உக்காந்து தேச்சேன்க்கா. அந்தக் கதவு நசுங்கலத் தட்டி எடுக்கத்தான் உயிரு போச்சு."

"அத ஏன்டா எடுத்தே?"

"நீ கண்காட்சியில வைக்கப்போறேன்னு மாமா சொன்னாரு. நாலு பேரு பாத்தா என்னன்னு கேப்பாங்களே."

சொன்னது நான்தான். பெருமைக்குச் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடுத்தது இவளை.

"கேக்கட்டும்னுதான்டா வைக்க நெனச்சேன்."

சுத்தியலை எடுத்தாள். வளையலைப் பட்டடைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இப்ப அடிச்சா அது நான் அடிச்சதாத்தான் இருக்கும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் தண்ணீர் கொண்டுவர எழுந்தேன்.

"உக்காருங்க," என்றாள். "ரெண்டு பேருமாச் சேந்து அப்பாவக் காப்பாத்திட்டீங்க."