மீசை எடுத்த கிழமை

படப்பிடிப்புத் தளத்தின் இரும்புக் கதவைத் தாண்டி, ரயில் நிலையம் இருந்த திசையில் கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான் மேலுதட்டில் பசை இன்னும் இருப்பது தெரிந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டே நடந்தேன். மழை தூறியது. பின்னால் ஐரிஷ்காரன் வந்துகொண்டிருந்தான். அந்தப் படத்தில் குடிகாரனாக நடித்தவன். அன்றோடு அவனுக்கும் வேலை முடிந்திருந்தது.

காலையில் என்னிடம் ஒரு வசனம் இருந்தது. நான் மூலைக்கடை முதலாளி. பொலிஸ்காரன் கேட்கும்போது, "அந்த ஆளை நான் பார்க்கவில்லை" என்று சொல்ல வேண்டும். நாலு வருடமாகத் தெருவில் போகிறவனாகவும் பஸ்ஸில் இருப்பவனாகவும் காசுக்கு நின்றவன் நான். கமராவுக்கு முன்னால் ஒரு வரி பேசினால் நடிகர் சங்க அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை இருந்தால் நடிகன். இல்லாவிட்டால் கூட்டம்.

முதல் மூன்று நாளும் என்னை மீசையோடு படம் பிடித்திருந்தார்கள். பேசும் காட்சி ஒன்பது நாள் கழித்து. அந்த இடைவெளியில் ஊரில் செத்துப்போன அப்பாவின் முப்பத்தோராம் நாள் வந்தது. அகதி வழக்கு முடியாததால் ஊருக்குப் போக வழியில்லை. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டு முன்னறையில் ஐயர் அந்தியேட்டிக் கிரியை செய்தார். மூத்த மகன் நான்.

"தம்பி, மீசையை எடுத்துப்போட்டு வாரும்" என்றார் ஐயர்.

குளியலறைக்குப் போய் எடுத்துவிட்டு வந்தேன். படம் ஞாபகம் வராமல் இல்லை. மீசைதானே, ஒட்டலாம் என்று நினைத்தேன்.

ஒட்டினார்கள், மூன்று தரம். விளக்குச் சூட்டில் ஓரம் கிளம்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் தெருக்காட்சிக்கு வந்திருந்த ஒரு குஜராத்திக்காரரைக் கூப்பிட்டு என் கோட்டைப் போடச் சொன்னார்கள். அவருக்கு மீசை இருந்தது. முகம் வேறு என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஐரிஷ்காரன் என் பக்கத்தில் வந்துசேர்ந்தான். அவன் பேசியது ஆங்கிலம். எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் விழும். மீசை போன கதையை அவனுக்குச் சொன்னேன்.

"அப்பாவுக்காக எடுத்தனெண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா?"

"ஒண்டுமில்லை. மன்னிப்புக் கேட்டுப்போட்டு அந்தக் குஜராத்திக்காரனைத்தான் போட்டிருப்பாங்கள்."

கொஞ்சத் தூரம் போனதும், "இருபது வருசம் மச்சான்" என்றான். "குடிகாரன், குண்டு வைக்கிறவன், பாதிரி. இந்த மூண்டு சட்டையையும் மாத்தி மாத்திப் போடுறன். பதினொரு தரம் செத்துப்போனன்."

"ஒருக்காவாவது கலியாணம் கட்டினியா?"

"படத்திலையா? அதுக்கு இங்கிலீஷ்காரன் இருக்கிறான்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அம்மா செத்துப்போனா எண்டு தந்தி வந்தது. நான் கப்பலேறாமல் ஷூட்டிங்குக்குப் போனன். பாதிரி வேசம். பிரேதத்துக்குப் பக்கத்தில நிண்டு செபம் சொல்லுற காட்சி."

"படம் வந்ததே?"

"ஓம், வந்தது. அந்தக் காட்சியை வெட்டிப்போட்டாங்கள்."

நான் செய்தது சரியா என்று அவனிடம் கேட்க நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவன் போகவில்லை, நான் மழித்தேன். இருவரும் ஒரே ரயிலுக்காக நனைந்துகொண்டு நின்றோம். படத்தின் நடுவில் மீசையை எடுத்தவனை இனி எந்தத் தளத்திலிருந்தும் கூப்பிட மாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்திருந்தது. கூப்பிடவும் இல்லை.

"நாளைக்கு என்ன செய்யப்போறாய்?" என்றான்.

"தெரியாது."

"காலமை ஆறு மணிக்கு எங்கட ரோட்டு முனைக்கு வா. கூலி வேலைக்கு ஆள் ஏத்துற வான் வரும். படிப்புக் கேக்கமாட்டாங்கள்."

"நல்லது. எட்டாம் வகுப்போட விட்டவன் நான். நீயும் வாறியா?"

"கிழமையில மூண்டு நாள் அங்கதான் நிக்கிறன். நடிகனெண்டு மட்டும் அவங்களுக்குச் சொல்லிப்போடாத."

மறுநாள் காலை அந்த முனையில் பதினைந்து பேர் நின்றார்கள். என்னைத் தவிர எல்லாரும் அவன் நாட்டுக்காரர். வானில் வந்த மேற்பார்வையாளன் என் தோளைப் பார்த்தான், கையைத் திருப்பிப் பார்த்தான், ஏறச் சொன்னான். குரோய்டனில் கழிவுநீர்க் குழாய் பதிக்க இடுப்பளவுப் பள்ளம் வெட்டும் வேலை. எனக்கு ஒரு மண்வெட்டி தந்தார்கள். களிமண் கனத்தது. ஐரிஷ்காரன் மறு கோடியில் நின்று வெட்டினான்.