கன்னிமார் ஊற்று

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், ஒரு பாறைக்கு அடியில் ஊற்று இருந்தது. நமுனுகுல மலையில் எத்தனையோ ஓடைகள் ஓடினாலும், வாயில் வைக்கத் தகுந்த தண்ணீர் எங்களுக்கு அது ஒன்றுதான். கீழே ஆறு இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. துரையின் மாட்டுப்பட்டியைக் கழுவிய தண்ணீரும், மேல் லயத்துக்காரர்கள் ஒதுங்குகிற சரிவில் வழிந்த மழையும் அதில்தான் கலந்தன. அதைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிறு போகும். போனால் பிழைப்பது அபூர்வம்.

அதனால் ஊற்றைக் கண் மாதிரி பார்த்துக்கொண்டோம். பாறையோரம் ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, கன்னிமார் என்று கும்பிட்டோம். ஆடிப் பூசையில் கன்னிமார் என் அக்கா மேல்தான் வருவார்கள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள். அம்மா செத்த பிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கடல் தாண்டி வந்தபோது நான் எடுத்த வாந்தியைத் தன் முந்தானையில் பிடித்தவள். வீட்டில் என் தலையில் குட்டுகிற கை, சாமி வந்து திருநீறு பூசும்போது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கும்.

அந்த வருடம் துரை புது பங்களா கட்டினார். அதற்கு எங்கள் ஊற்று வேண்டுமாம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடியபோது பெரிய கங்காணி பெண்கள் பக்கம் வந்தார்.

"தாய்மாரே, ஊத்த விட்டுக் குடுங்க. தொரை கேக்குறாரு. உங்களுக்கென்ன, கீழ ஆறு ஓடுதுல்ல?"

"அந்த ஆத்துத் தண்ணியில உங்க வீட்டுக்கு ஒரு கொடம் கொண்டாரவாங்க?" என்று கேட்டேன். பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

கங்காணியின் முகம் கறுத்தது. கொத்தனார்களை அனுப்பினார். நாங்கள் கொழுந்துக் கூடையோடு ஊற்றைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். ஏழு கல்லைத் தாண்டிக் கடப்பாரை வைக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை. கங்காணியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். கன்னிமார் இருக்கும்வரை எங்கள் தண்ணீரை எவனும் தொட முடியாது என்று நம்பினோம்.

ஆடி வந்தது. உடுக்கை அடித்தார்கள், அக்கா ஆடினாள். சாமி வந்ததும் தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது வழக்கம். சாமி அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத்தான் வாக்குச் சொல்லும். நான் ஊற்றில் ஒரு செம்பு மொண்டு கொடுத்துவிட்டுக் காலில் விழுந்தேன்.

"ஆத்தா, எங்க தண்ணிய நீதான் காத்துக் குடுக்கணும்!"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு இங்க தீட்டுப் பட்டிருச்சு. இனிமே இங்க இருக்க மாட்டேன். என்னைய ஆத்தங்கரையில கொண்டு போயி வையி. இந்தத் தண்ணிய எம் மக்க தொடக் கூடாது. தொட்டா வம்சம் அழியும்!"

ஐயோ, நாங்கள் அழுத அழுகை! என்ன தீட்டு, எவள் செய்தாள் என்று ஒருத்தியை ஒருத்தி சந்தேகமாகப் பார்த்தோம். ஆனால் சாமியே சொன்ன பிறகு பேச்சேது? கல்லையெல்லாம் பிடுங்கினோம். முதல் கல்லை நான்தான் தலையில் சுமந்தேன். என் சின்ன மகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கி வந்தாள். அடுத்த வாரமே ஊற்றைச் சுற்றிச் சிமெந்துத் தொட்டி கட்டி, பங்களாவுக்குக் குழாய் இறக்கிவிட்டார்கள்.

ஐப்பசி மழையில் என் மகளுக்கு வயிறு போகத் தொடங்கியது. திருநீறு வாங்க அக்காவிடம் ஓடினேன். அதற்குள் அவள் புருஷனுக்குப் பங்களாவில் தோட்ட வேலை கிடைத்து, பின்பக்கம் அறையும் கொடுத்திருந்தார்கள். கன்னிமார் கண் திறந்தார்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டதே நான்தான்.

அறை வாசலில் ஒரு குழாய். அக்கா அதில் கையை ஏந்தித் தன் மகனுக்குப் புகட்டினாள். பிறகு தானும் குடித்தாள். அந்தப் பாறைப் பாசி வாசம் எனக்குத் தெரியாதா?

"அக்கா, இதத் தொட்டா வம்சம் அழியும்னியே!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "சாமி வந்தா எனக்கு என்னடி ஞாபகம் இருக்கும்?" என்றாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. சட்டென்று ஒரு செம்பை நிரப்பி நீட்டினாள். "புள்ளைக்குக் கொண்டு போ. யாருகிட்டயும் சொல்லிராத."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாளே பாவி! அந்தச் செம்பை அவள் முகத்திலேயே வீசியிருப்பேன். ஆனால் என் பிள்ளை நாக்கு வறண்டு கிடந்தாள். வாங்கிக்கொண்டு ஓடினேன். மகள் அதை ஆசை ஆசையாகக் குடித்தாள். மறுநாள் போய்விட்டாள்.

கங்காணி செய்த வேலை மட்டும் என்றால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு இருந்திருப்பேன். துரை யாரோ, எங்கிருந்தோ வந்தவர். ஆனால் இவள் என்னை வளர்த்தவள். என் சாமியின் வாயாலேயே எனக்குப் பொய் சொன்னாள். அதை நான் யாரிடம் போய் முறையிடுவேன்? சாமியிடமா? அதுவும் அவள் மேல்தானே வரும்!

அடுத்த ஆடிப் பூசை ஆற்றங்கரையில் நடந்தது. அக்கா மஞ்சள் சேலை கட்டி, பங்களாவிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மூடிக் கொண்டுவந்து பூசைத் தட்டோரம் வைத்திருந்தாள். உடுக்கை ஏற ஏற ஆடத் தொடங்கினாள். நான் அந்தச் செம்பை எடுத்துக் கீழே கவிழ்த்தேன். எல்லோரும் பார்க்க ஆற்றில் மொண்டு அவளிடம் நீட்டினேன்.

"குடி ஆத்தா. எம் மக குடிச்ச தண்ணி."

ஆட்டம் நின்றது. உடுக்கைக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். அக்கா செம்புக்குள் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சாமியின் குரலில் இல்லை, என்னை வளர்த்த குரலில் சொன்னாள்.

"வேணாம்டி. வயித்துக்கு ஆகாது."

உடுக்கையும் நின்றுவிட்டது. சுற்றி நின்ற பெண்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப எம் மக வயிறு மட்டும் தாங்கும்னு நெனச்சியாக்கா?" என்றேன்.

மறுநாள் விடியலில், பெரட்டுக்கு முன்னே, குடத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் அதே ஆற்றுக்குத்தான் போனோம்.