எலேனியின் அப்பா எழுதும் எட்டுப் பக்கம்

சொந்த அண்ணனைப் பற்றி அப்பாவிடம் ஒரு வரி கேட்டது தவறா? நான்கு மாதமாக எனக்கு விடை தெரியவில்லை.

மெல்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டு எலேனி கிரேக்கப் பெண். தபால் வந்தால் வேலியோரம் என் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, தன் அப்பாவின் கடிதத்தை எனக்கு உடைந்த ஆங்கிலத்தில் சொல்வாள். எட்டுப் பக்கம்! அவர்கள் நாட்டை ஏழு வருடம் ராணுவக் கர்னல்கள் ஆண்டபோது அமெரிக்கா அவர்களோடு கைகுலுக்கியதாம். சைப்ரஸில் துருக்கிப் படை இறங்கியபோது அதே அமெரிக்கா சும்மா நின்றதாம். கர்னல்கள் விழுந்தார்கள். புதிய அரசு நேட்டோவின் படையமைப்பிலிருந்து விலகி, இப்போது ஐரோப்பியப் பொதுச் சந்தையில் இடம் கேட்கிறது. கிழவர் பழைய அரசையும் திட்டுகிறார், புதியதையும் திட்டுகிறார், ஆள் பெயர் சொல்லி. எனக்கு வயிறு எரியும். குழந்தைக்குப் பசி என்று பொய் சொல்லி உள்ளே வந்துவிடுவேன்.

நம் நாட்டில் நெருக்கடி நிலை வந்ததிலிருந்து என் அப்பாவின் கடிதம் ஒற்றைத் தாள் ஏரோகிராமில் பாதியாகச் சுருங்கிவிட்டது. மழை, மாங்காய், அம்மாவின் முழங்கால். பத்திரிகைத் தலையங்கத்தோடு கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சண்டை போடுகிறவர் அவர். கல்லூரி ஆசிரியரான, மேடையில் அரசியல் பேசுகிற என் அண்ணனின் பெயர் தொடர்ந்து மூன்று கடிதங்களில் இல்லை. பொறுக்க முடியாமல் எழுதினேன்: "அண்ணனைப் பிடித்துவிட்டார்களா? எந்தச் சிறை?" அதற்குப் பிறகு கடிதமே இல்லை.

கணவர் தலையில் கைவைத்தார். "ஏம்மா, கத்திரிக்காய் விலை கேக்கற மாதிரியா இதைக் கேப்பே? சர்க்கார்ல கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கறாங்கன்னு தெரியாதா?"

எலேனியிடம் சொன்னபோது அவள் சிரிப்பு நின்றது. "யூ ரைட் ஜெயில்? நோ, நோ, மை லவ்! மை அங்கிள், தே டேக் டு ஐலண்ட். ஐ டோன்ட் ஆஸ்க். செவன் இயர் ஐ ரைட் ஒன்லி, ஹவ் இஸ் த கோட்?"

ஏழு வருடம் ஆட்டை நலம் விசாரித்திருக்கிறாள். சிறைத் தீவுக்குக் கொண்டுபோன அவள் மாமா வீடு திரும்பிவிட்டார். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

மேசைமேல் புதிய ஏரோகிராம் ஒன்று, ஊர் முகவரி மட்டும் எழுதி. மறுபடி கேட்டால் அண்ணனுக்குக் கெடுதல் வருமோ? அவனை விட்டுவிட்டு, குழந்தை நடக்கிறாள் என்று மட்டும் எழுதினால், அவனை இல்லாமல் ஆக்குகிறவர்களோடு நானும் சேர்ந்துவிடுவேனோ? இந்தக் கட்டுரையில்கூட அவன் பெயரை நான் எழுதவில்லை. இந்த நாட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் பேனாதான் அந்த நாட்டுக்குப் பயப்படுகிறது. இப்படி மறைத்து எழுதிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அப்பாவுக்கு நான் என்ன எழுதட்டும்?