டிரிம் சக்கரமும் தங்கை வீட்டுக்காரரும்

விமானப் பயிற்சிப் பள்ளியின் சிமுலேட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் ஸ்பிரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவள். நிஜ விமானத்தில் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் அந்தப் பொய் விமானத்தின் கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங் அத்தனையும் அவள் கோத்தவை.

அதில் கோளாறு என்று புகார் எழுதியவர் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் கேப்டன். போதாக்குறைக்கு அவள் தங்கை புருஷன். "டிரிம் வேலை செய்யவில்லை. ஆளை மாற்றவும்." மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் மாற்றத்தான் போகிறேன் என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

இரண்டு முறை பிரித்துப் பார்த்தாள். ஒரு பழுதும் இல்லை.

"பொம்மையை வச்சுக்கிட்டுப் படம் காட்டாதீங்க அண்ணி. ஏணியில ஏறினாலே உங்களுக்குத் தலை சுத்தும்," என்றார் கேப்டன்.

"சுத்தட்டும் மாப்ள. நீங்க ஒருதரம் ஓட்டுங்க. எங்க கோளாறுன்னு முதலாளியும் பாக்கட்டும்."

முதலாளி பின்னால் வந்து நிற்க, கேப்டன் உட்கார்ந்து ஓட்டினார், வேகத்தைக் குறைத்தார். திரையில் மூக்கு தாழ்ந்தது. கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தபடி டிரிம் சக்கரத்தை உருட்டினார். நிஜ விமானத்தில் அந்தச் சக்கரம் வாலில் ஒரு சின்னத் தகட்டை அசைக்கும். காற்றே வாலைத் தாங்கிக்கொள்ளும். கையில் பாரம் குறைந்துகொண்டே வரும். அந்தப் பாரம் குறையக் காத்திருந்தார். குறையவில்லை. பழுதை நிரூபிக்கும் ஆத்திரத்தில், தொடுவானத்தைப் பார்க்காமல் இன்னும் உருட்டினார். மூக்கு விருட்டென்று எழும்பியது. எச்சரிக்கை ஒலி அலறியது. விமானம் கல்லாக விழுந்தது.

"பாத்தீங்களா?" என்று எகிறினார்.

"பாத்தேன். இங்க ஏது காத்து? வெறும் ஸ்பிரிங். எவ்வளவு உருட்டினாலும் அது அதே இழுப்புதான் இழுக்கும். சக்கரம் பேசுறது கம்ப்யூட்டர்கிட்ட மட்டும்தான். அது உருள உருள நாமதான் கைப்பிடியை நடுவுக்கு விட்டுக்கிட்டே வரணும். நீங்க குரங்குப்பிடியா பிடிச்சா அது என்ன பண்ணும்?"

கேப்டனை எழுப்பிவிட்டு, விமானம் ஓட்டியே அறியாத முதலாளியை உட்கார வைத்தாள். மூக்கைத் தொடுவானத்திலேயே வைக்கச் சொன்னாள். சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டினார், கைப்பிடியைக் கொஞ்சம் விட்டார். கடைசியில் இரண்டு கையும் மடியில். விமானம் அது பாட்டுக்கு நேராகப் போனது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். புகார்த் தாளைக் கேப்டனிடம் நீட்டி, "இதை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேப்டன் அடித்த அடியில் தாள் கிழிந்தது.

"இனிமே உங்க தங்கச்சி உங்க வாசப்படி மிதிக்க மாட்டா."

"அதையும் எழுதிக் குடுத்துடுங்க மாப்ள. கிழியாம எழுதுங்க."

கேப்டன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அடுத்த மாணவனுக்காக டிரிம் சக்கரத்தைப் புறப்பாட்டுக் குறிக்குத் திருப்பினாள். விரல் இரண்டு முறை வழுக்கியது.