மச்சான் பிடித்த கயிறு

ஆதிகேசவனை ஆம்பூரில் முதன்முதலில் பைத்தியக்காரன் என்று சொன்ன ஆள் நான்தான். மக்பூல் அகமது என்று என் பெயரைப் போட்டே சொல்கிறேன். பதினோரு வருஷம் ஒரே தோல்ஷாப்பில் அவனும் நானும் வேலை பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. நான் தொழுகைக்குப் போவேன். அவன் வியாழன் சாயங்காலமே ஒடுகத்தூர் போகிற மாட்டுவண்டியைப் பிடித்துப் பாறை ஏறப் போய்விடுவான்.

ஒடுகத்தூர் அவன் மாமியார் ஊர். ஊருக்குப் பின்னால், காட்டுக்கு மேலே, ஒத்தப்பாறை என்று ஒன்று செங்குத்தாக நிற்கிறது. தேன் எடுக்கிறவர்கள் பாதி வரைக்கும் மூங்கில் முளை அடித்து ஏறியிருக்கிறார்கள். அதற்கு மேல் பாறை மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி உச்சிக்குப் போனவன் எவனும் இல்லை. கல்யாணமான புதிதில் அவன் பெண்டாட்டி ரங்கம்மாள் விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள்: "அந்த உச்சில என் கூறப் பொடவையக் கட்டு பாக்கலாம். என் புருசன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு எங்க ஊரே பாக்கட்டும்." அவள் சிரித்துவிட்டு மறந்துவிட்டாள். இந்த மடையன் மறக்கவில்லை.

மூன்று வருஷம்! மதியம் நாங்கள் கஞ்சி குடிக்கும்போது, தோல் காயப்போடும் உத்திரத்தைப் பிடித்து விரல் நுனியால் தொங்குவான். "இன்னா கேசவா, உன்னயும் காயப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டுச் சிரிப்போம். சுண்ணாம்புக் குழி விரல் நுனியைத் தின்றுவிடும், அப்புறம் பாறை பிடிக்க வராது என்று மேஸ்திரியிடம் கெஞ்சி ஆவாரம்பட்டைக் குழிக்கு மாறிக்கொண்டான். பட்டைத் தண்ணீரில் ஊறி ஊறித் தோலோடு தோலாக அவன் கையும் பதமாகிவிட்டது. கழித்துப் போட்ட எருமைத்தோலை வாராகக் கிழித்து, புங்க எண்ணெய் ஊட்டி, அறுபது முழக் கயிறு ஒன்று பின்னினான்.

ஏறும்போது அதன் ஒரு நுனி அவன் இடுப்பில் இருக்கும். கயிறு முளைகளுக்குப் பின்னால் வளைந்து கீழே இறங்கும். மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் சம்பத், ரங்கம்மாளின் தம்பி. அந்தப் பக்கத்தில் பாறை ஏறுகிறவனுக்குக் கயிறு பிடிக்கக் கூடப்பிறந்தவனைக்கூட விடமாட்டார்கள். மச்சான்தான் பிடிக்க வேண்டும். அக்காள் தாலி அறுந்துவிடுமே என்ற பயத்தில் அவன் கை விடாதாம். இரண்டு தடவை அந்தப் பாறை மூக்கில் கை வழுக்கி விழுந்தான் ஆதி. இரண்டு தடவையும் சம்பத் உள்ளங்கைத் தோல் உரிய உரியப் பிடித்து நிறுத்தினான். "நான் கீறேன் மாமா, நீ ஏறு" என்பான்.

அப்புறம் ஆம்பூரில் வாந்திபேதி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ரங்கம்மாளுக்குக் கண்டது. ஆள் அனுப்பி, இவன் பாறையிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகுட்டியும் இல்லை. சுடுகாட்டில் சம்பத் அவன் சட்டையைப் பிடித்துக் கத்தினான்: "எங்கக்காவத் தனியா உட்டுட்டுப் பாறைக்கு வந்தியே மாமா!" அன்றைக்குக் கயிறு பிடித்தவனும் அவன்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருவரும் பேசவில்லை.

திதி நெருங்கியது. அதற்குள் புடவையை உச்சியில் கட்டியே தீருவேன் என்று ஆதி சம்பத்துக்கு ஆள் அனுப்பினான். வருகிறேன் என்று பதில் வந்தது. என் நாக்கு சும்மா இருந்ததா? வியாழக்கிழமை கஞ்சி குடிக்கும்போது சொன்னேன்: "அட, பொஞ்சாதியே போய்ட்டா. இனிமே அவன் இன்னா மச்சான்? கோவத்துல கீழ இருந்து ஒரு இழுப்பு இழுத்தான்னா உன் கத கந்தல்."

சிரிக்கத்தான் சொன்னேன். ஆதி சிரிக்கவில்லை. கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் நானும் கூட வண்டியேறினேன். வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டுவிட்டுப் போனேன், அல்லா மன்னிக்கட்டும். காலையில் சம்பத் பாறையடிக்கு வந்து, தன் நுனியை எடுத்துக்கொண்டான். ஆதி புடவையை மார்பில் சுற்றிக்கொண்டு ஏறினான். அவன் பாதி உயரம் போன பிறகுதான் கவனித்தேன், சம்பத் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா இது? அவன் உழுந்தா உன்னயும் இழுத்துக்குமே!"

"இழுக்கட்டும் பாய். அக்கா போய்ட்டா. இந்தாளும் போய்ட்டா, மாமான்னு கூப்புட எனக்கு யாரு கீறா?"

"கேசவா!" என்று மேலே பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன். காற்றில் அது அவனுக்குக் கேட்கவில்லை. மூக்குக்குக் கீழே நின்று அவன் ஒரு கையை இடுப்புக்குக் கொண்டுபோனான். கயிறு முளை முளையாக உருவிக்கொண்டு வந்து எங்கள் காலடியில் விழுந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆதி உச்சியில் நின்றான். அரக்குப் புடவை காற்றில் பறந்தது. ஊர்ப்பக்கமிருந்து சீழ்க்கையும் கூச்சலும் கேட்டன. சம்பத் மேலே பார்க்கவே இல்லை. விழுந்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறுந்துருக்கும்பா" என்றேன்.

"அவுத்துருக்குது பாய்."

தன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். கயிற்றை ஒழுங்காகச் சுருட்டிப் பாறையடியில் வைத்துவிட்டு நடந்தான்.

ஆதி தோளில் கொண்டுபோன சின்னக் கயிற்றை உச்சிக் கல்லில் மாட்டி, மூக்கைத் தாண்டி முளைக்கு வந்து, கீழே இறங்கப் பொழுது சாய்ந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "கட்டிட்டேன் பாய்! மச்சான் எங்க?" நடந்ததைச் சொன்னேன். கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு திதிக்கும் ஒடுகத்தூர் போனான். சம்பத் வாசலுக்கு வந்து, "வாங்க. உக்காருங்க. சாப்புடுங்க" என்பான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மாமா என்ற வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அந்தச் சந்தேகத்தை விதைத்தவன் நான் என்று ஆதி அவனிடம் காட்டிக்கொடுக்கவில்லை. நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டு வருஷம் கழித்து ஆதி நெஞ்சுச்சளியில் படுத்தான். கடைசியாக நான் பார்க்கப் போனபோதும் அதையேதான் கேட்டான்.

"பாய், அன்னிக்கு அவன் நெஜமாவே இடுப்புல கட்டியிருந்தானா?"

"ஆமா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் கேசவா."

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பான். வேண்டாத இடத்தில் எல்லாம் பேசிய இந்த நாக்குக்கு, அன்றைக்குப் பார்த்து உண்மைதான் வந்தது.