ஒரு துப்பாக்கி, இரண்டு ஷிப்ட்

ஏலக்காய் உலர்த்துகிறவனின் தொழில், சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருப்பதுதான். வண்டன்மேட்டுக்கு மேலே ஒரு ஸ்டோரில் பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். ஸ்டோர் என்றால் கடையல்ல. பச்சைக் காயை ராத்திரி முழுக்கச் சூட்டில் வாட்டி எடுக்கும் கூடம். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு லோடு காயைப் பச்சை போக மஞ்சளாக்கிக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முக்கால் மணிக்கு ஒரு தடவை அடுப்புக்கு விறகு தள்ள வேண்டும். நடுவில் கிடக்கும் முக்கால் மணியை என்ன செய்வதென்று தெரியாமல், நாற்பத்தேழு வயதில் போனில் துப்பாக்கி விளையாட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாட்ச்மேன்களே, லாரி ஓட்டுகிறவர்களே, ராத்திரி டூட்டி நர்சுகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். பகலில் தூங்குகிறவனுக்குத் தன் வீட்டில் என்ன நடக்கிறதென்றே தெரியாது.

குட்டையன்

எங்கள் அணியில் நாலு பேர். தலைவன் முத்துவேல், தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். ஷாஜி பேக்கரி வைத்திருக்கும் மலையாளி. இன்னொருவன் முத்துவேலின் மச்சினன், எதற்கும் வாய் திறக்காதவன். மூன்று பேரும் நீளத் துப்பாக்கி. மலை உச்சியில் படுத்துக்கொண்டு தூரத்தில் எறும்பு போலத் தெரிகிறவனை வீழ்த்துவார்கள். எனக்கு எறும்பும் தெரியாது, மலையும் தெரியாது. வெள்ளெழுத்து. அதனால் எஸ்.எம்.ஜி. என்கிற குட்டை இயந்திரத் துப்பாக்கியை எடுத்தேன். கிட்டே போய் நின்று விசையை அழுத்தினால் தண்ணீர்க் குழாய் மாதிரிக் கொட்டும். குட்டையன் என்று பெயர் வைத்தேன்.

நாலு மாதம் உழைத்து அதை வளர்த்தேன். ஆட்டத்துக்கு ஆட்டம் கிடைக்கும் பார்ட்ஸைச் சேர்த்து, லெவல் லெவலாக ஏற்றி, கடைசியில் ஐம்பது குண்டு பிடிக்கிற பெரிய மேகசினை மாட்டினேன். குறி தவறுகிறவனுக்குக் குண்டுதானே தெம்பு! பெருமையாக முத்துவேலிடம் காட்டினேன். ஜீப்பை நிறுத்தி, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி பார்த்துவிட்டுச் சொன்னான்:

“கண்ணு தெரியாதவங்களுக்கு இதுதான்ணே லாயக்கு. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அடிச்சா, எதாவது ஒண்ணு பட்டுரும்.”

கைப்பிடி மாறியது

ஒரு நாள் ஸ்டோரில் போனைத் திறந்தால், என் பெரிய மேகசினைக் காணோம். அதற்குப் பதில் சின்னது. முன்னால் ஒரு கைப்பிடி வேறு முளைத்திருந்தது. எவனோ என் கணக்குக்குள் புகுந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். ஷாஜியைச் சந்தேகப்பட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாளும் அதே கதை.

காலையில் வீட்டுக்கு வந்ததும் இந்த அநியாயத்தைப் புலம்பினேன். என் மனைவி தனம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடம் ஏலக்காய் தரம் பிரித்தவள். தூசு ஒத்துக்கொள்ளாமல் போன வருடம்தான் நின்றாள். நான் தூங்கும்போது போன் அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடக்கும். போனைத் திறக்க விரலால் போடுகிற கோலம் அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு நினைவே இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

“ஏங்க, அது நாந்தான் மாத்துனேன். பெரிய மேகசினு மாட்டுனா ஓடவே மாட்டேங்குது, கர்ப்பிணி மாதிரி நடக்குது. பத்து குண்டு ஒழுங்காப் பட்டாலே செத்துருவான்ல?”

பகல் ஆள்

அதற்குப் பிறகுதான் கணக்கைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. ஆட்டப் பட்டியலில் நேரம் இருக்கும். ராத்திரி பத்திலிருந்து நாலு வரை என் ஆட்டங்கள்; வீழ்த்தியது ஒன்று, பூஜ்யம், ஒன்று, இரண்டு. காலை பத்திலிருந்து மதியம் வரை அவள். எட்டு, பதினொன்று, ஒன்பது. இருபது வருடம் மூட்டையிலிருந்து கொட்டிய காயில் வெடித்ததையும் வெளுத்ததையும் கண் சிமிட்டுவதற்குள் பொறுக்கி எறிந்த விரல்கள். இப்போது ஆட்களைப் பொறுக்குகின்றன.

மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுவாள். அதனால் அணியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புகழெல்லாம் என் பெயருக்கே வந்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தான். ஆனால் எவனோ சம்பாதித்த மாலையை என் கழுத்தில் போட்ட மாதிரி அரித்தது. டீ குடிக்கப் பேக்கரிக்குப் போனால், ஷாஜி பப்ஸை நீட்டி, மரியாதையாகக் கேட்டான்:

“சேட்டா, பகல்ல நீங்க புலி. ராத்திரி ஆனா எந்து பற்றி, என்ன ஆகுது? பகல் மாதிரி அந்த வாயைப் பூட்டிட்டு ஆடுனா ராத்திரியும் புலிதான்.”

சிரிப்பு

ஒரு நாள் பதினொரு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. அடுக்களையில் சிரிப்புச் சத்தம். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். தனம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, என் குட்டையனை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. அதை எனக்காக வைத்திருக்கிறாள், நான்தான் கேட்கிற நேரத்தில் ஸ்டோரில் இருக்கிறேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதை ஒரு துப்பாக்கி வாங்கிக்கொண்டு போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். குட்டையன் கடைசி லெவலுக்கு வந்திருந்தது. அந்த லெவலில் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம்: வேகம் அல்லது தூரம். எடுத்தால் எடுத்ததுதான், மாற்ற முடியாது. எஸ்.எம்.ஜி. வைத்திருக்கும் எவனும் கண்ணை மூடிக்கொண்டு வேகத்தை எடுப்பான். அவளும் அதற்காகத்தான் பார்ட்ஸ் சேர்த்து வைத்திருந்தாள். நான் தூரத்தை அழுத்தினேன். குழல் நீண்டது, சுடும் வேகம் பாதியானது. கிட்டே நிற்கிறவனுக்கும் ஆகாது, தூரத்தில் நிற்கிறவனுக்கும் எட்டாது. மறுநாள் போனைப் பார்த்துவிட்டு வந்து என் கட்டில் ஓரமாக நின்றாள். கோபப்படாமல் கேட்டாள்:

“என்கிட்ட ஆடாதன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல. அதைப் போட்டு ஏன் முடமாக்குனீங்க?”

குலை

ஓணத்துக்கு எங்கள் ஊர் கிளப்பில் வடம் இழுப்பு என்கிற கயிறு இழுக்கும் போட்டியும் வழுக்கு மரம் ஏறுவதும் உண்டு. இந்த வருடம் துப்பாக்கி விளையாட்டையும் சேர்த்தார்கள். நேரில் உட்கார்ந்து ஆட வேண்டும். பகல் ஆட்ட ரெக்கார்டை நம்பி முத்துவேல் என் பெயரை முதலில் கொடுத்துவிட்டான். இல்லை என்று சொல்ல ஒரு வாரம் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் பதினெட்டு வருடத்தில் ஊர் என்னைத் திரும்பிப் பார்த்த ஒரே காரியமும் போய்விடும்.

மத்தியானம் ஆட்டம். தனம் பெண்கள் பக்கம் பாயசம் குடித்துக்கொண்டு நின்றாள். மூன்று சுற்றில் முதல் சுற்று; ஆட்டத்தில் இருக்கும் வீட்டை விட்டு இறங்கி நாலு அடி வைப்பதற்குள் செத்தேன், சுற்றும் போனது. பின்னால் நின்ற கூட்டம் ‘அய்யே’ என்றது. முத்துவேலின் காது சிவந்துவிட்டது. போன வருடம் வடம் இழுப்பில் தோற்ற அவமானத்தை இதில் கழுவ வந்தவன் அவன். இன்னொரு சுற்று தோற்றால் எல்லாம் முடிந்தது. எழுந்தேன். “பகல்ல ஆடுறது நான் இல்லப்பா, தனம் அக்காதான்” என்று வாய்க்குள்ளேயே முனகினேன். போனைத் தனத்தின் பக்கம் நீட்டினேன். ஐ.டி. ஒன்றுதான், ஆள் மாறலாம் என்று கிளப்பில் ஒத்துக்கொண்டார்கள்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள், முந்தானையில் விரல்களைத் துடைத்தாள், உட்கார்ந்தாள். நான் முடமாக்கியதை வைத்து என்ன செய்வாள் என்று, உண்மையைச் சொன்னால், அவள் தோற்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். அவள் ஓடவே இல்லை. ஒரு ஜன்னலுக்குப் பின்னால் நின்று, நடுத்தூரத்தில் வருகிறவனை இரண்டு இரண்டு குண்டாக, நிதானமாக, வெளுத்த காயைத் தள்ளுவதுபோலத் தள்ளினாள். நான் கெடுத்து வைத்த துப்பாக்கியை இந்த ஒரு வாரமும் உட்கார்ந்து பழகியிருக்கிறாள். அந்தச் சுற்று எங்களுக்கு. கடைசிச் சுற்றில், பக்கத்து ஊர் அணைக்கரைப் பையன்களிடம் நூலிழையில் தோற்றோம். இரண்டாம் பரிசு ஒரு நேந்திர வாழைக்குலை.

முத்துவேல் குலையைத் தூக்கி என் தோளில் வைத்துவிட்டு, ஜீப்பின் முன் கதவைத் திறந்தான்:

“அக்கா, நீங்க முன்னாடி உக்காருங்க. அண்ணே, அடிபடாம குலையைப் புடிச்சுக்கிட்டு பின்னாடி ஏறுங்க.”

இப்போது வேறு பெயரில், முதல் லெவலிலிருந்து, ஐம்பது குண்டு பிடிக்காத ஒரு குட்டைத் துப்பாக்கியோடு ஆடிக்கொண்டிருக்கிறேன். பழைய ஐ.டி.யும் அணியின் தலைமையும் இப்போது தனத்திடம். அணியில் சேர்த்துக்கொள்ளும்படி மூன்று தடவை விண்ணப்பம் அனுப்பியும் தனம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.