மெமரிக்குச் சண்டை போட்ட மல்லிகா

மல்லிகா போய்விட்டாள். இன்று விடிகாலை, தூக்கத்திலேயே... ஜனக்புரியில் அவள் வீட்டிலிருந்து இப்போதுதான் வருகிறேன்.

அங்கேயே அழுது தீர்த்தாயிற்று. இங்கே சிரிக்கிற கதைகளைத்தான் எழுதப் போகிறேன். அவளை நினைத்தால் எனக்கு அதுதான் வருகிறது.

தெரியாதவர்களுக்கு... டில்லியில் ஓர் அரசு அலுவலகத்தின் சர்வர் ரூமில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவள் பொறுப்பு, தகவல்களைச் சேர்த்துவைக்கிற டேட்டாபேஸ். என் பொறுப்பு, மெஷினையே இயக்குகிற லினக்ஸ். எங்களுக்குள் தீராத பாகப்பிரிவினைத் தகராறு ஒன்று உண்டு. மெஷினில் இருக்கிற மெமரி யாருக்கு?

விஷயம் சின்னதுதான். டிஸ்க் ஆமை வேகம். அதனால் ஒருமுறை படித்ததை மெமரியில் வைத்துக்கொண்டு, அடுத்து யாராவது கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பது. அதற்குப் பெயர்தான் கேஷ்.

அவளுடைய டேட்டாபேஸ் ஒரு கேஷ் வைத்திருக்கும். என் லினக்ஸும் தன் பங்குக்கு ஒன்று வைத்திருக்கும். ஒரே டேட்டா, இரண்டு இடத்தில்!

"ஏ உஷா, நான் வச்சிருக்கதையே நீயும் எதுக்குளா வச்சிருக்க? எடத்தக் காலி பண்ணு!"

மல்லிகா திருநெல்வேலிக் குடும்பம். பிறந்து வளர்ந்ததெல்லாம் டில்லி. ஆபீஸில் பேசுவது இந்தி, சண்டை மட்டும் சுத்தமான நெல்லைத் தமிழில் வரும்.

"உன் டேட்டாபேஸ் ஒண்ணுதான் இங்க ஓடறதா? மத்ததெல்லாம் எங்க போகும்?" என்பேன் நான். எங்களுடையது கும்பகோணம் பக்கம்.

சாப்பாட்டு நேரத்திலும் இதே கூத்துதான். மற்றவள் மறந்துவிடுவாள் என்று இருவருமே ஊறுகாய் கொண்டுவருவோம். டப்பாவில் சப்பாத்தி குறைவாகவும் ஊறுகாய் அதிகமாகவும் இருக்கும்.

ஒருமுறை சர்வர் பற்றி ஒரு ரிப்போர்ட் கொடுத்தோம். மெமரியில் மாற்றிவிட்டு இன்னும் டிஸ்க்கில் எழுதாமல் இருக்கும் பக்கங்களை 'டர்ட்டி பேஜ்' என்பார்கள். அவை அதிகமாகிவிட்டன என்று அவள் இங்கிலீஷில் எழுதியிருந்தாள்.

ரிப்போர்ட் மொழிபெயர்ப்புக்காக இந்திப் பிரிவுக்குப் போனது. அங்கே ஒரு புண்ணியவான் அதை 'அஷ்லீல் பன்னே' என்று எழுதிவிட்டார். ஆபாசப் பக்கங்கள்...

டைரக்டர் எங்களைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "மேடம், சர்க்காரி சர்வர் மே யே சப்?" அரசாங்க சர்வரில் இதெல்லாமா என்று!

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. "அஷ்லீல் நஹீ சார், ஸிர்ஃப் மைலே ஹை. தோ கே டிஸ்க் மே ரக் தேங்கே." ஆபாசமில்லை சார், அழுக்குதான்... துவைத்து டிஸ்க்கில் வைத்துவிடுகிறோம் என்று!

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தோம் பாருங்கள்... காவலுக்கு நின்றவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இதே டைரக்டர்தான் பிறகு ஒரு நவம்பரில் எங்களில் ஒருத்தியை ஊரைவிட்டே அனுப்பப் பார்த்தார். உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்கப் பென்ஷன்காரர்கள் அலைமோதுகிற மாதம். சர்வர் நகரவே மாட்டேன் என்கிறது. கவுண்டரில் பெரியவர்கள் கால் கடுக்க நிற்கிறார்கள்.

"தப்பு லினக்ஸிலா, டேட்டாபேஸிலா? யாருடையதோ அவர் கௌஹாத்தி போகட்டும்" என்றுவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் டைப் ஆகிவிட்டது. பெயர் மட்டும் பாக்கி.

அவள் பையன் அப்போது ப்ளஸ் டூ. எனக்கு வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். இருவருமே டில்லியை விட்டு நகர முடியாது.

தேடிப் பார்த்தால்... நான் லீவில் இருந்தபோது மகராசி டேட்டாபேஸ் கேஷைத் தன் இஷ்டத்துக்குப் பெரிதாக்கியிருக்கிறாள். மெமரி போதாமல் லினக்ஸ் திணறி, அவளுடைய கேஷையே கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

"கெட்டுது போ! டிஸ்க்குக்குப் போவாம இருக்கத்தானளா இம்புட்டு மெமரிய எடுத்தேன்? இப்ப அதுவே டிஸ்க்குல போயி உக்காந்திருக்கு!" தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

கேஷைக் குறைத்துவிட்டு டைரக்டர் ரூமுக்குப் போனோம். மேலோட்டமாகப் பார்க்கிற எவருக்கும், டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்த லினக்ஸ்தான் குற்றவாளி. அவள் வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலே போதும், கௌஹாத்தி எனக்குத்தான்.

"கல்தி மேரி ஹை சார்" என்றாள். தப்பு என்னுடையது.

அவர் ஸ்க்ரீனில் ஒரு பெரியவரின் பெயரைத் தட்டினார். பேஜ் சட்டென்று திறந்தது. இன்னொரு பெயர்... அதுவும் திறந்தது. குழந்தை மாதிரி தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிட்டு, "சாய் மங்வாவோ" என்றார். மூன்று பேருக்கும் டீ வந்தது.

அன்று பஸ்ஸில் கேட்டேன். "ஏண்டி சொன்ன? பையன் பரீட்சை வேற... நீ சும்மா இருந்திருக்கலாமே."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ போயிட்டா நான் யாருகூடளா சண்ட போட?"

அதற்குப் பிறகும் பல வருஷம் போட்டோம். ரிட்டயர் ஆன பிறகு போனில் போட்டோம். நேற்று மாலைகூட அரை மணி நேரம்... சந்தோஷமாக இருந்தது மல்லிகா. ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

சரி, உன் பாஷையிலேயே சொல்றேன்... நீ முன்னால போளா. சண்டைக்கு விஷயம் சேத்துக்கிட்டு நான் மெதுவா வாறேன்.